பூஜ்யத்துக்குக் கீழே

இரண்டு வருஷங்களுக்கு முன் இதே பக்கங்களில் ஒரு முதல் கவிதைத் தொகுப்பைப் பற்றி எழுதியபோது, 'இக்கவிதைகள் தனிப்பூஜ்யத்துக்கும் கீழே குளிர்ந்து கிடக்கின்றன' என்று ஒரு வாக்கியம் எழுதினேன். எழுதிய அன்று திருப்தியாக இருந்தது. 'உயிரற்றவை' என்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அது எல்லோரும் சொல்வது. விஞ்ஞானத்திலிருந்து ஒரு சொல்லைக் கைமாற்றாக வாங்கிப் போட்டால் தீர்ப்புக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது. இதழ் வெளியாகி மூன்றாவது வாரம் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர். தனிப்பூஜ்யத்தைவிடக் குளிர்ந்த பொருள் எதுவும் கிடையாது. ஆனால் தனிப்பூஜ்யத்துக்குக் கீழே வெப்பநிலை உடையவை உண்டு. அவை குளிர்ந்தவை அல்ல, மற்ற எல்லாவற்றையும்விடச் சூடானவை. நீங்கள் சொல்ல வந்தது இரண்டில் எது என்று கேட்டிருந்தார். நாலே வரி.

என்னால் பதில் எழுத முடியவில்லை. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. படித்துவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக இருப்பவன் நான். மைனஸ் என்றால் எனக்குத் தெரிந்தது ஓவர்டிராஃப்ட். கணக்கில் மைனஸ் ஐந்நூறு என்றால் கணக்குக்காரர் ஒன்றுமில்லாதவரைவிட ஐந்நூறு ரூபாய் ஏழை. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அப்படியிருக்க, பூஜ்யத்துக்குக் கீழே உள்ளது பூஜ்யத்தைவிடக் குளிர்ச்சியாக இல்லாமல் வேறு எப்படி இருக்க முடியும்? ஆசிரியர் என்னைக் கேலி செய்கிறாரோ என்றுகூட நினைத்தேன். அந்தச் சந்தேகத்தில்தான் படிக்க ஆரம்பித்தேன். படித்தபோது தெரிந்தது, நான் வாங்கிப் போட்ட சொல்லுக்குப் பின்னால் முந்நூறு வருஷத்துச் சரித்திரம் இருக்கிறது என்பதும், அந்தச் சரித்திரம் முழுக்க முழுக்க ஒரு சொல்லின் அர்த்தம் மாறிவந்த கதை என்பதும். அது விமர்சகனுக்கு அந்நியமான விஷயம் அல்ல.

1742இல் ஸ்வீடனில் ஆண்டர்ஸ் செல்ஸியஸ் தம் உஷ்ணமானியை வகுத்தபோது தண்ணீர் கொதிக்கும் இடத்துக்குப் பூஜ்யம் என்றும் உறையும் இடத்துக்கு 100 என்றும் எண் கொடுத்தார். ஆம், தலைகீழாகத்தான். குளிரக் குளிர எண் கூடும். 1744இல் அவர் இறந்த பிறகுதான் அது இன்று நாம் அறிந்த வடிவத்துக்குத் திருப்பப்பட்டது. அவர் வைத்தபடியே விட்டிருந்தால், மைனஸ் பத்து டிகிரி என்பது கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடான ஒன்றைக் குறித்திருக்கும். இது வெறும் வேடிக்கைத் தகவல் அல்ல. எண்ணுக்கு முன்னால் போடுகிற கோடு நாம் போடுவது. இயற்கை போடுவது அல்ல.

ஆனால் செல்ஸியஸின் பூஜ்யம் வசதிக்காக வைத்துக்கொண்டது. 'தனி' என்ற அடைமொழியோடு வரும் பூஜ்யம் வேறு வகை. அதன் முதல் தடயம் பாரிஸில், கியோம் அமோன்டன் என்பவரிடம் கிடைக்கிறது. இளம் வயதிலேயே செவிப்புலனை இழந்தவர். 1702வாக்கில் அவர் ஒரு கண்ணாடிக் குமிழில் காற்றை அடைத்து வைத்து, உஷ்ணம் குறையக் குறைய அதன் அழுத்தமும் சீராகக் குறைவதைக் கவனித்தார். இப்படியே குறைந்துகொண்டு போனால் ஒரு கட்டத்தில் அழுத்தம் என்பதே இல்லாமல் போக வேண்டும். இல்லாததற்கும் குறைவான அழுத்தம் கிடையாது. ஆகவே குளிருக்கு ஒரு தரை இருந்தாக வேண்டும். அவருடைய அளவுகளிலிருந்து பிறர் கணக்கிட்டபோது அது மைனஸ் 240 டிகிரி அளவில் வந்தது. 1779இல் வெளியான லாம்பெர்ட்டின் நூலில் மைனஸ் 270. இன்றைய கணக்கு மைனஸ் 273.15. யாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்ன இடம் அல்ல இது. ஒரு கோட்டை நீட்டிப் பார்த்து ஊகித்த இடம்.

1848இல் ஸ்காட்லாந்தில், பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்ஸன் இதற்கு வேறு அஸ்திவாரம் தேடினார். அப்போது அவருக்கு வயது 24. காற்றையோ பாதரசத்தையோ சாட்சிக்குக் கூப்பிடும்வரை அளவுகோல் அந்தச் சாட்சியின் குணத்தைச் சார்ந்துதான் இருக்கும். எந்தப் பொருளையும் சாராத அளவுகோல் வேண்டும். நீராவி யந்திரத்தைப் பற்றி கார்னோ செய்திருந்த சிந்தனையிலிருந்து அதை எடுத்தார். ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் உஷ்ணம் ஒரே அளவு வேலை செய்து தர வேண்டும் என்று வகுத்தார். விளைவு விசித்திரமானது. அந்த முதல் அளவுகோலில் குளிரின் தரை பூஜ்யத்தில் இல்லை. முடிவற்ற மைனஸில் இருந்தது. காற்று உஷ்ணமானியில் மைனஸ் 273 என்று காட்டும் அதே இடம்தான் இதில் முடிவிலி என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஜூலுடன் சேர்ந்து 1854இல் அவர் அளவுகோலைத் திருத்திய பிறகுதான் தரைக்குப் பூஜ்யம் என்ற எண் வந்தது. முதல் அளவுகோல் நிலைத்திருந்தால் 'பூஜ்யத்துக்குக் கீழே என்ன?' என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். முடிவிலிக்குக் கீழே என்ன என்று யார் கேட்பார்? கேள்வி பாதி நம்முடைய எண்ணிலிருந்து பிறந்தது.

அதன் பிறகு அந்தத் தரையை நோக்கி ஒரு பந்தயம் நடந்தது. 1877இல் பிரான்ஸில் கையெத்தேயும் ஜெனிவாவில் பிக்தேயும், எக்காலத்திலும் வாயுவாகவே இருக்கும் என்று நம்பப்பட்ட ஆக்ஸிஜனைத் திரவமாக்கினார்கள். 1898இல் லண்டனில் டூவர் ஹைட்ரஜனைத் திரவமாக்கினார். எஞ்சியது ஹீலியம். 1908 ஜூலை 10ஆம் தேதி ஹாலந்தில் லெய்டன் நகரத்தில் காமர்லிங் ஓன்ஸ் விடிகாலையில் தொடங்கி மாலையில் அதையும் திரவமாக்கினார். தனிப்பூஜ்யத்துக்கு மேல் 4.2 டிகிரி. அதே தினம் அதை உறையவைக்கவும் முயன்றார். உறையவில்லை. அவர் இறந்த வருஷமான 1926இல் அவருடைய மாணவர் கீஸோம் கடும் அழுத்தத்தின் கீழ்தான் அதை உறையவைக்க முடிந்தது. அழுத்தம் கொடுக்காவிட்டால் தனிப்பூஜ்யத்தின் வாசல்வரை கொண்டுபோனாலும் ஹீலியம் திரவமாகவே இருக்கும்.

இந்த இடத்தில் பள்ளிக்கூடத்தில் கற்ற ஒன்றைக் கைவிட வேண்டியிருக்கிறது. தனிப்பூஜ்யத்தில் எல்லா அசைவும் நின்றுவிடும் என்று படித்தோம். நின்றுவிடாது. நுண்பொருளின் விதிப்படி ஒரு சிறு நடுக்கம் எப்போதும் மிஞ்சும். ஹீலியத்தை உறையவிடாமல் வைத்திருப்பது அதுதான். வங்கி பாஷையில் சொன்னால் அது கணக்கில் இருந்தே தீர வேண்டிய குறைந்தபட்ச இருப்பு. அதை எடுத்துச் செலவு செய்ய முடியாது. தனிப்பூஜ்யம் என்பது அசைவற்ற நிலை அல்ல; பிறருக்குக் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லாத நிலை.

அந்த நிலையைத் தொடவும் முடியாது. எண்ணிச் சொல்லக்கூடிய எத்தனை படிகள் இறங்கினாலும் பூஜ்யத்தை எட்ட முடியாது என்று 1912இல் நெர்ன்ஸ்ட் வகுத்தார். இறங்குவது மட்டும் நிற்கவில்லை. 2021இல் ஜெர்மனியின் ப்ரெமன் நகரத்தில் ஒரு கோபுரத்தின் உள்ளே ரூபிடியம் அணுக்களை விழவிட்டு, ஒரு டிகிரியை லட்சம் கோடி பங்காக்கினால் அதில் 38 பங்கு என்ற அளவுக்கு வந்துவிட்டார்கள். இன்னும் பூஜ்யம் அல்ல. படிகள் சிறுத்துக்கொண்டே போகின்றன. தரை அங்கேயே இருக்கிறது.

அப்படியானால் ஆசிரியர் கடிதத்தின் முதல் பாதி சரி. தனிப்பூஜ்யத்தைவிடக் குளிர்ந்தது இல்லை. இரண்டாவது பாதிதான் என்னை வெகு நாள் அலைக்கழித்தது.

அதற்கு வெப்பநிலை என்ற சொல்லின் அர்த்தம் இன்னொரு முறை மாற வேண்டியிருந்தது. உஷ்ணமானி காட்டுவது ஒரு பொருளில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதை அல்ல. ஒரு டம்ளர் வெந்நீரைவிட ஒரு ஏரித் தண்ணீரில் உள்ள சக்தி அதிகம், சூடு குறைவு. போல்ட்ஸ்மன் வழியில் வந்த பௌதிகம் சொல்வது இது: ஒரு பொருளுக்குக் கொஞ்சம் சக்தி கொடுத்தால், அதன் உள்ளே உள்ளவை தங்களை அடுக்கிக்கொள்ளக்கூடிய வகைகள் எத்தனை மடங்கு பெருகும்? வெகுவாகப் பெருகினால் அது குளிர்ந்தது. சொற்பமாகப் பெருகினால் சூடானது. வெப்பநிலை என்பது இருப்பு அல்ல, விகிதம். ஓவர்டிராஃப்ட் உவமை என்னை ஏமாற்றியது இங்கேதான்.

என் கிளையில் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் உட்கார்ந்திருக்கலாம் அல்லது நிற்கலாம். நிற்பதற்குத் தலைக்கு ஓர் அலகு சக்தி வேண்டும். எல்லோரும் உட்கார்ந்திருந்தால், அது ஒரே ஒரு வகை. ஒருவர் நிற்கிறார் என்றால் அவர் பத்துப் பேரில் யாராகவும் இருக்கலாம்: 10 வகை. இருவர் நின்றால் 45. மூவர், 120. நால்வர், 210. ஐவர் நிற்கும்போது 252. முதல் ஆள் எழுந்தபோது வகைகள் பத்து மடங்கு பெருகின, அது கடுங்குளிர். ஐந்தாம் ஆள் எழும்போது பெருக்கம் அற்பம். அது பெரும் உஷ்ணம். பாதிப் பேர் நிற்கும் அந்த உச்சியில் பெருக்கமே நின்றுவிடுகிறது. வெப்பநிலை முடிவிலி.

இன்னும் சக்தி கொடுத்தால்? ஆறு பேர் நின்றால் மறுபடி 210. ஏழு பேர் 120. எட்டுப் பேர் 45. ஒன்பது பேர் 10. வேலைநிறுத்தத்தன்று கோஷம் போட எழுந்ததுபோல் பத்துப் பேரும் நின்றுவிட்டால், மறுபடி ஒரே வகை. இந்த இறங்குமுகத்தில் சக்தி கூடக்கூட வகைகள் குறைகின்றன. விகிதம் தலைகீழாகிவிட்டது, அதன் அடையாளம்தான் மைனஸ்.

இப்படி ஒரு கிளையை இன்னொரு கிளையோடு சேர்த்துப் பார்க்கலாம். இங்கே ஒன்பது பேர் நிற்கிறார்கள், அங்கே ஒருவர். இங்கே ஒருவர் உட்கார்ந்து அங்கே ஒருவர் எழுந்தால், இரண்டு பக்கத்திலும் வகைகள் பத்திலிருந்து நாற்பத்தைந்தாகின்றன. சாதாரண உஷ்ணப் பரிமாற்றத்தில் கொடுப்பவன் இழக்கிறான், வாங்குபவன் அதைவிட அதிகம் அடைகிறான், மொத்தத்தில் லாபம். இங்கே கொடுப்பவனுக்கும் லாபம். ஆகவே மைனஸ் வெப்பநிலை உள்ளது, பிளஸ் வெப்பநிலை உள்ள எதைத் தொட்டாலும் அதற்குச் சக்தியைக் கொடுத்துவிடும். எதிராளி எத்தனை கோடி டிகிரியில் இருந்தாலும் சரி. உஷ்ணம் பாயும் திசைதான் சூடு எது, குளிர் எது என்று சொல்கிறது. ஆகவே அது எல்லாவற்றையும்விடச் சூடானது.

வரிசை இப்போது இப்படிப் போகிறது: பிளஸ் பூஜ்யம், பிளஸ் எண்கள், முடிவிலி, மைனஸ் எண்கள், கடைசியில் மைனஸ் பூஜ்யம். குளிரின் கடைசியும் உஷ்ணத்தின் கடைசியும் எண் வரிசையில் பக்கத்துப் பக்கத்து வீடு. நிஜத்தில் இரு துருவம். பூஜ்யத்துக்குக் கீழே போகிற வழி பூஜ்யத்தின் ஊடாக இல்லை. முடிவிலியின் ஊடாக இருக்கிறது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சக்திக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். பத்துப் பேருக்கு மேல் நிற்க ஆளில்லை என்பதுபோல. காற்றின் மூலக்கூறுகளுக்கு அப்படி வரம்பு இல்லை. எவ்வளவு சக்தியோடும் ஓடலாம். எனவே காற்றுக்கோ கல்லுக்கோ சூரியனுக்கோ மைனஸ் வெப்பநிலை கிட்டாது. 1949இல் ஃப்ளாரன்ஸில் நடந்த ஒரு கூட்டத்தில் ஆன்சாகர், தட்டையான பரப்பில் அடைபட்ட நீர்ச்சுழிகளுக்கு அது சாத்தியம் என்று காட்டினார். நம் பாடப்புத்தகங்கள் தனிப்பூஜ்யத்தைத் தனிச்சுழி என்றே சொல்கின்றன. சுழிக்குக் கீழே முதலில் அகப்பட்டதும் சுழிதான்.

கையால் செய்து காட்டியவர்கள் ஹார்வர்டில் பர்செல்லும் பவுண்டும். 1951. லித்தியம் ஃப்ளோரைடு படிகம் ஒன்றில் உள்ள அணுக்கருக்கள் சின்னக் காந்தங்கள். வெளியே உள்ள காந்தப் புலத்தோடு ஒத்து நிற்கலாம் அல்லது எதிர்த்து நிற்கலாம். புலத்தை அவர்கள் சட்டென்று எதிர்த் திசைக்குத் திருப்பினார்கள். கருக்களால் அந்த வேகத்துக்குத் திரும்ப முடியவில்லை. ஒத்து நின்றவர்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே எதிர்த்து நிற்பவர்கள் ஆகிவிட்டார்கள். படிகம் அறையின் உஷ்ணத்தில் இருக்க, அதற்குள் கருக்களின் கூட்டம் மட்டும் சில நிமிஷ நேரம் மைனஸ் வெப்பநிலையில் இருந்தது. பிறகு சக்தியைப் படிகத்துக்குக் கொடுத்துவிட்டு, முடிவிலியைக் கடந்து, பழைய நிலைக்கு வந்து சேர்ந்தது. 1956இல் ராம்சே இதற்கெல்லாம் முறையான இலக்கணம் எழுதினார். வெப்பநிலைக்குப் பதில் அதன் தலைகீழ் எண்ணை, மைனஸ் குறியோடு, அளவுகோலாக வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பமெல்லாம் நீங்கி வரிசை நேராகிவிடும் என்பதும் அதிலிருந்து தெரிகிறது.

2013இல் ம்யூனிக்கில் ப்ரௌன், ஷ்னைடர், ப்ளோக் முதலியோர் சுமார் ஒரு லட்சம் பொட்டாசியம் அணுக்களை லேசர் ஒளியால் பின்னிய கூண்டுக்குள் வைத்து, அவற்றின் அசைவுக்கே உச்சவரம்பு விதித்து, மைனஸ் வெப்பநிலைக்குக் கொண்டுபோனார்கள். 'தனிப்பூஜ்யத்தையும்விடக் கீழே' என்று பத்திரிகைகள் எழுதின. படித்தவர்கள் பெரும் குளிரைக் கற்பனை செய்துகொண்டிருப்பார்கள். என் வாக்கியத்தின் உறவுக்காரர்கள்.

மறு வருஷமே ஓர் ஆட்சேபம் வந்தது. டங்கெல், ஹில்பெர்ட் என்ற இருவர், எண்ணுகிற முறையே தவறு என்றார்கள். அந்தந்தச் சக்தியில் உள்ள வகைகளை மட்டும் எண்ணக்கூடாது. கிப்ஸ் காட்டிய வழியில், அதுவரை உள்ள வகைகளை எல்லாம் சேர்த்துக் கூட்ட வேண்டும். எங்கள் கிளைக்கு அப்படிக் கூட்டினால் 1, 11, 56, 176 என்று போய் 1,024இல் முடியும். ஒருபோதும் இறங்காது. இறக்கம் இல்லையென்றால் மைனஸும் இல்லை. எனக்கு இது உடனே புரிந்தது. ஒன்று அன்றைய வரவு; மற்றது இதுவரை மொத்தம். இரண்டும் சரியான கணக்குகள்தான். எதற்காகக் கணக்கு வைக்கிறோம் என்பதுதான் கேள்வி. இரண்டு பொருள்கள் தொட்டுக்கொண்டால் உஷ்ணம் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்வதற்குத்தான் வெப்பநிலை என்றால், கூட்டுத்தொகைக் கணக்கு அதை எல்லா இடத்திலும் சரியாகச் சொல்வதில்லை என்று எதிர்த்தரப்பு காட்டியது. பலரும் அன்றைய வரவோடு நிற்கிறார்கள். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது.

தமிழ் விமர்சனத்தில் விஞ்ஞானச் சொற்கள் மலிந்து கிடக்கின்றன. சூன்யம், சார்பு, நான்காவது பரிமாணம், என்ட்ரோப்பி. பெரும்பாலும் கழுத்தில் போட்டுக்கொள்ளும் நகையாகத்தான் இவை வருகின்றன. எனக்கு இதைச் சொல்லும் யோக்கியதை இருக்கிறது; நானே போட்டுக்கொண்டவன். கடன் வாங்கிய சொல் வட்டி கேட்கும் என்பது வங்கியில் வேலை பார்ப்பவனுக்குக்கூட உறைக்கவில்லை.

ஆனால் என் தவறு சொல்லில் மட்டும் இல்லை. அந்தத் தொகுப்பை எடுத்து மறுபடி படித்தேன். சின்னக் கவிதைகள். ஒவ்வொரு சொல்லும் தன் இடத்தில் நின்றது. எதையும் நகர்த்த முடியவில்லை. முதலில் படித்தபோது இந்த ஒழுங்கைத்தான் குளிர் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் எல்லோரும் உட்கார்ந்திருப்பதும் எல்லோரும் எழுந்து நிற்பதும் ஒரே அளவு ஒழுங்கு. இரண்டுக்கும் வகை ஒன்றுதான். எண்ணிப் பார்த்துக்கொண்டே இருந்தால் எது கடைசிக் குளிர், எது கடைசி உஷ்ணம் என்று சொல்லவே முடியாது. தொட்டுப் பார்க்க வேண்டும். என்னிடமிருந்து அதற்குப் போகிறதா, அதிலிருந்து எனக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். விமர்சகனிடம் வேறு உஷ்ணமானி இல்லை. நான் அன்று எண்ணினேன், தொடவில்லை.

தொகுப்பிலுள்ள பெரும்பாலான கவிதைகளைப் பற்றி என் அபிப்பிராயம் இன்றும் மாறவில்லை. அவை உட்கார்ந்திருக்கின்றன. நாலு கவிதைகள் மட்டும் நிற்கின்றன. அவற்றில் ஒன்று, மருத்துவமனை வராந்தாவில் தகப்பனாரின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பவனைப் பற்றியது. அதில் ஓர் உணர்ச்சிச் சொல்கூட இல்லை. அதனால்தான் அதைச் செத்தது என்று தீர்மானித்திருந்தேன். இந்த முறை புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு எதுவும் செய்ய முடியாமல் இருந்தேன்.

ஆசிரியருக்குப் பதில் எழுதிவிட்டேன். நான் சொல்ல வந்தது முதலாவது. சொல்லியிருக்க வேண்டியது, நாலு கவிதைகளைப் பொறுத்தவரை, இரண்டாவது என்று. அதைக் கவிஞருக்கும் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதால் இங்கே எழுதுகிறேன்.